உலக சுகாதார நிதிச் செய்தியைக் கணக்காளர் கண்ணோடு படிப்பது எப்படி?

"ஏழை நாடுகளின் சுகாதாரத்துக்கு ஆயிரம் கோடி டாலர்" என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டால் நான் முதலில் கேட்பது, எத்தனை வருஷத்துக்கு? அடுத்தது, பணம் வந்துவிட்டதா, வரும் என்று சொல்லியிருக்கிறார்களா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் அடுத்த பத்திக்குப் போவதில்லை. சுகாதாரத் திட்டங்களின் மானியக் கணக்கைப் பார்த்தே வேலைக்காலத்தைக் கழித்தவள் நான். காசநோய், எச்.ஐ.வி., தடுப்பூசி என்று திட்டத்தின் பெயர் மாறும். மேசைக்கு வரும் தாள் மாறாது. வரவு எவ்வளவு, எந்தச் செலவுத் தலைப்பில், எந்தத் தேதிக்குள் செலவழிக்க வேண்டும், மிஞ்சினால் திருப்பித் தர வேண்டுமா. இதே கேள்விகளைச் செய்தியிடம் கேட்டால் அதுவும் பதில் சொல்லும். கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

2025-க்குப் பிறகு அந்த மெனக்கெடல் கட்டாயமாகிவிட்டது. அந்த ஆண்டு ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்திவைத்தது. மார்ச்சில், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. 1961 முதல் இயங்கிய அந்த அமைப்பின் கதை ஜூலை 1 அன்று முடிந்தது. தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027-இல் 0.3 சதவீதமாக்கப் போவதாக பிரிட்டன் சொன்னது. ஜெர்மனியும் பிரான்ஸும் கையைச் சுருக்கின. சுகாதாரத்துக்கான வெளிநாட்டு உதவி கோவிட் உச்சத்தில், 2021-இல், சுமார் 8,000 கோடி டாலர்; 2024-இல் 4,960 கோடி; 2025-இல் 3,910 கோடி. இது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐ.எச்.எம்.இ. நிறுவனம் போட்ட மதிப்பீடு. பணம் குறையும் காலத்தில்தான் தலைப்புகள் பெரிதாகின்றன. "ஐந்தாண்டுக்குச் சேர்த்து", "உள்நாட்டுப் பங்கையும் உள்ளிட்டு" போன்ற சொற்கள் கடைசிப் பத்தியில் ஒளிந்துகொள்கின்றன.

வாக்கு, கையெழுத்து, பணம்

மாநாட்டு மேடையில் அமைச்சர் சொல்வது வாக்கு. அதற்கப்புறம் கொடுக்கும் நாட்டுக்கும் வாங்கும் நிதியத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகும். அதற்கும் அப்புறம், கொடுக்கும் நாட்டின் நாடாளுமன்றம் வருஷா வருஷம் ஒதுக்கினால், பணம் வங்கிக்கு வரும். செய்தியில் வருவது பெரும்பாலும் முதல் கட்டம். மூன்றாவது கட்டத்தில்தான் மருந்து வாங்க முடியும்.

குளோபல் ஃபண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி., காசநோய், மலேரியா மூன்றுக்கும் 2002-இல் தொடங்கிய நிதியம்; மூன்றாண்டுக்கு ஒரு முறை நிதி திரட்டும். 2022-இல் நியூயார்க்கில் இலக்கு 1,800 கோடி டாலர். அன்று மேடையில் சேர்ந்தது 1,425 கோடி, பிறகு அது 1,567 கோடியாக உயர்ந்தது. அதுவரை இல்லாத தொகை என்று கொண்டாடினார்கள். 2025-இன் நடுவில் என்ன ஆனது? வாக்குகள் பணமாக வந்து சேருவது நிச்சயமில்லை என்ற நிலையில், ஏற்கெனவே கையெழுத்தாகி ஓடிக்கொண்டிருந்த மானியங்களிலிருந்து 143 கோடி டாலரைக் குறைப்பதாக அந்த நிதியமே நாடுகளுக்குச் சொன்னது.

ஓடுகிற மானியத்தில் பத்தில் ஒரு பங்கு வெட்டு என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். கணக்குத் தாளில் அது எப்படி விழுகிறது என்று பாருங்கள். புரிவதற்காக மொத்தம் 100 என்று வைத்துக்கொள்வோம். 50 மருந்துக்கும் பரிசோதனைப் பொருளுக்கும். ஆர்டர் முன்பே போய்விட்டது, கப்பலில் இருக்கிறது, நிறுத்த முடியாது. 30 சம்பளம், ஒப்பந்தம் இருக்கிறது, அறிவிப்புக் காலம் இருக்கிறது. மீதி 20-இல்தான் களப்பணியாளர் படி, வண்டி எரிபொருள், மேற்பார்வைப் பயணம், பயிற்சி, நோயாளியைத் தேடிப் போகிற வேலை எல்லாம். 10 குறைக்க வேண்டும் என்றால் அந்த 20-இலிருந்துதான் எடுக்க முடியும். ஆக, பத்தில் ஒரு பங்கு வெட்டு என்று மேலே சொன்னது, கீழே வீடு தேடிப் போகும் வேலையில் பாதியை வெட்டிவிடுகிறது. செய்தியில் "மருந்து விநியோகம் பாதிக்கப்படாது" என்று ஒரு வாக்கியம் இருந்தால் நான் உடனே இந்த 20-ஐத்தான் நினைப்பேன். மருந்து கிடங்கில் இருக்கும். அதை வாங்க வராமல் போனவரைத் தேடிப் போக ஆள் இருக்காது.

2025 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் அடுத்த சுற்று நடந்தது. தென்னாப்பிரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து நடத்தின. இலக்கு மறுபடியும் 1,800 கோடி, சேர்ந்தது 1,134 கோடி. இந்த இரண்டு எண்ணைப் பார்த்ததும் கவனிக்க வேண்டிய ஒன்று: மூன்று ஆண்டு கழித்தும் இலக்கு அதேதான். இடையில் விலைவாசி ஏறியிருக்கிறது. அதாவது இலக்கே சுருங்கிய இலக்கு. அதற்கும் கீழேதான் வசூல்.

அதே மாநாட்டில் அமெரிக்கா சொன்னது 460 கோடி. முந்தைய சுற்றில் 600 கோடி. இங்கே இன்னொரு சின்ன எழுத்தும் உண்டு. மொத்த வரவில் அமெரிக்காவின் பங்கு 33 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. மற்றவர்களிடமிருந்து சேரும் பணம் நினைத்த அளவுக்கு வராவிட்டால் அமெரிக்கப் பணமும் முழுதாக வராது. இந்த மாதிரி நிபந்தனை ஒட்டிய வாக்கை என் தாளில் பென்சிலால்தான் எழுதுவேன்.

நாணயத்தையும் பாருங்கள். பிரிட்டன் 2022-இல் 100 கோடி பவுண்டு சொன்னது. 2025-இல் 85 கோடி பவுண்டு. பவுண்டில் 15 சதவீதம் குறைவு. 2022 இறுதியில் பவுண்டு வலுவிழந்து கிடந்ததால், டாலரில் மாற்றி ஒப்பிட்டால் குறைவு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. எந்தச் செய்தி எந்த நாணயத்தில் சொல்கிறது என்பது சில சமயம் தற்செயல், சில சமயம் இல்லை.

ஆட்சி மாறினால் வாக்கும் மாறும். ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்க உதவும் கேவி கூட்டணிக்குக் குறைந்தது 158 கோடி டாலர் தருவதாக 2024 ஜூனில் அமெரிக்கா சொன்னது. 2025 ஜூனில் பிரஸ்ஸல்ஸில் நடந்த நிதி திரட்டும் மாநாட்டில் அதே நாட்டின் சுகாதார அமைச்சர் இனிமேல் தரப்போவதில்லை என்றார். 1,190 கோடி வேண்டும் என்று போன கேவிக்கு 900 கோடிக்குச் சற்று மேல் வாக்குக் கிடைத்தது. இதற்கு எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் முன்பு ஒதுக்கிய சுமார் 900 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது, எச்.ஐ.வி.க்கான பெப்ஃபார் திட்டத்தின் 40 கோடியை செனட் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிக் காப்பாற்றியது. அதனால், அமைச்சர் பேச்சைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். பணப்பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்களுடைய ஒதுக்கீட்டுச் சட்டம் வரும் வரை காத்திருங்கள்.

சந்தாவா, நன்கொடையா

உலக சுகாதார நிறுவனத்தைப் பற்றிய செய்தி என்றால் கேள்வி வேறு. அங்கே எவ்வளவு என்பதைவிட எப்படிப்பட்ட பணம் என்பதுதான் முக்கியம். உறுப்பு நாடுகள் தங்கள் வசதிக்கேற்பக் கட்ட வேண்டிய சந்தா ஒன்று. விருப்பப்பட்டுத் தருவது இன்னொன்று. சந்தாப் பணத்தை நிறுவனம் தேவைப்படும் இடத்தில் செலவழிக்கலாம். நன்கொடையில் பெரும்பகுதி இந்த நோய்க்கு, இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு என்று முத்திரை குத்தி வரும். பல ஆண்டுகளாகச் சந்தா மொத்த வரவில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. உலகத்துக்கே பொதுவான அமைப்பு, ஆனால் தன் பணத்தை எங்கே செலவழிப்பது என்று முடிவெடுக்கும் உரிமை அதனிடம் கொஞ்சம்தான்.

2022 மே மாதத்தில் உறுப்பு நாடுகள், 2030-31-க்குள் அடிப்படை பட்ஜெட்டில் பாதியைச் சந்தாவாகவே கட்டுவது என்று ஒப்புக்கொண்டன. 2023-இல் 20 சதவீதம், 2025-இல் இன்னொரு 20 சதவீதம் ஏற்றியும் விட்டன. என் பார்வையில் இந்த இருபது வருஷத்தில் உலக சுகாதார நிதியில் நடந்த உருப்படியான சீர்திருத்தம் இதுதான். படம் எடுத்துப் போடும்படியான நிகழ்ச்சி இல்லை என்பதால் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அதற்குள் அடியும் விழுந்தது. சந்தாவில் 22 சதவீதம் கட்டவேண்டிய அமெரிக்கா, 2025 ஜனவரி 20 அன்று வெளியேறுவதாக அறிவித்தது. 2026 ஜனவரி 22 அன்று வெளியேற்றம் நடைமுறைக்கு வந்தது. 2026-27 இரண்டாண்டுக்கு 530 கோடி டாலர் என்று போட்டிருந்த பட்ஜெட்டை 420 கோடியாகச் சுருக்கினார்கள். ஐந்தாண்டில் 50 கோடி டாலர் தருவதாகச் சீனா சொன்னதும் "சீனா அந்த இடத்தைப் பிடித்துவிட்டது" என்று சில தலைப்புகள் வந்தன. ஐந்தாண்டு என்பதைப் பார்த்தீர்களா? வருஷத்துக்குப் பத்துக் கோடி. சரி, மேலே போகலாம்.

முத்திரை குத்திய பணம் எப்போதும் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். போலியோவுக்கென்று வந்த பணத்தில் வேலைக்கு எடுத்தவர்கள்தான் பல நாடுகளில் தட்டம்மையையும் மஞ்சள் காய்ச்சலையும் கண்காணித்தார்கள். 2014-இல் நைஜீரியாவுக்குள் எபோலா நுழைந்தபோது அதை மடக்கியதில் போலியோ அவசரகால மையத்தின் ஆட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இதில் பாடம் ஒன்றிருக்கிறது: போலியோவுக்கான நிதி குறைகிறது என்று செய்தி வந்தால், போலியோவை மட்டும் நினைக்காதீர்கள். அந்தச் சம்பளத்தில் வேறு எந்த வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன என்று கேளுங்கள்.

சங்கிலியில் எந்தக் கண்ணி யார் பணம்

ஒரு காசநோய்ப் பரிசோதனையைக் கணக்குத் தாளில் பிரித்துப் போட்டுக் காட்டுகிறேன். சிறிய சுகாதார நிலையத்தில் சளி மாதிரி எடுக்கிறார்கள். ஒருவர் அதைப் பெட்டியில் வைத்து வண்டியில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறார். அங்கே ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்தில் கார்ட்ரிட்ஜைச் செருகுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் முடிவு. முடிவு நோயாளிக்குத் திரும்பப் போக வேண்டும், மாத்திரை தொடங்க வேண்டும். இயந்திரம் ஒரு கொடையாளி தந்தது. கார்ட்ரிட்ஜ் குளோபல் ஃபண்ட் மாதிரியான நிதியத்தின் மானியத்தில். ஆய்வக ஊழியர் அரசுச் சம்பளம். மாதிரியைத் தூக்கிப் போகிறவருக்கான படியும் எரிபொருளும் மூன்றாவது ஒரு வெளிநாட்டு அமைப்பு. இப்படி நான்கு பைகளிலிருந்து பணம் வருவது சாதாரணம்.

இதில் செலவு மிகக் குறைந்தது மாதிரியைத் தூக்கிப் போகும் அந்தக் கடைசிப் பைதான். அது நின்றால் என்ன ஆகும்? இயந்திரத்தில் விளக்கு எரிகிறது. கார்ட்ரிட்ஜ் அலமாரியில் காலாவதித் தேதியைப் பார்த்துக் காத்திருக்கிறது. ஊழியர் வேலைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். மாதிரி வரவில்லை. அறிக்கையில் "காசநோயாளிகள் எண்ணிக்கை குறைந்துள்ளது" என்று வரும். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பது குறைந்திருக்கிறது. வெட்டு நடந்த ஆண்டில் நோய் எண்ணிக்கை இறங்கினால் சந்தோஷப்படுவதற்கு முன், எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்ற எண்ணையும் தேடிப் பிடியுங்கள்.

இதே கதை உலக அளவிலும் உண்டு. தட்டம்மை, ரூபெல்லா கிருமிகளைக் கண்டறிய 700-க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே வலைப்பின்னலாக இயங்குகின்றன. அதன் செலவு ஆண்டுக்குச் சுமார் 80 லட்சம் டாலர், முழுக்க அமெரிக்கா தந்துவந்தது. கோடிகளில் பேசும் இந்த உலகத்தில் 80 லட்சம் என்பது கணக்குப் பிழையில் மறைந்துபோகிற தொகை. அது நின்றபோது உலகம் முழுக்க ஒரு நோயைப் பார்க்கும் கண் மங்கும் நிலை வந்தது. தொகை சிறியது என்று எந்த வரியையும் தாண்டிப் போகாதீர்கள். ஒரே ஒருவர் மட்டும் பணம் தரும் வரி எது என்று தேடுங்கள். ஆபத்து அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

வெளியேறும் தேதி யாருக்குத் தெரியும்

"நாடுகள் சொந்தக் காலில் நிற்க வேண்டும்" என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல பேச்சுத்தான். அட்டவணை எங்கே என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேரிடம் இருக்காது.

கேவியிடம் இருக்கிறது. மிக ஏழை நாடு ஒரு டோஸுக்கு 20 சென்ட் கட்டினால் போதும். வருமானம் உயர உயரப் பங்கும் ஏறும். ஒரு வரம்பைத் தாண்டினால் எட்டு ஆண்டு அவகாசத்தில் முழு விலையையும் நாடே ஏற்கும் கட்டத்துக்குப் போக வேண்டும். முன்பு இந்த அவகாசம் ஐந்தாண்டாக இருந்தது, போதவில்லை என்று நீட்டினார்கள். இந்தோனேசியா ஒரு காலத்தில் கேவியிடம் வாங்கிய நாடு. 2025-இல் அதுவே 3 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. படி போட்டு ஏற்றினால் ஏற முடியும் என்பதற்கு இது போதும்.

கெட்ட உதாரணம் ருமேனியா. குளோபல் ஃபண்டின் எச்.ஐ.வி. மானியம் 2010-இல் முடிந்தது. ஊசி வழியே போதைப்பொருள் எடுப்போருக்குச் சுத்தமான ஊசி தரும் வேலைகளை அரசு அதே அளவில் எடுத்துக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளில் அவர்களிடையே எச்.ஐ.வி. பெருகியது. புதுவகை போதைப்பொருளும் அதே சமயத்தில் பரவியது என்பதால் பழி முழுவதையும் நிதி நின்றதன் மேல் போட முடியாது. ஆனாலும் தடுப்பதற்கு ஆள் இல்லாத நேரம் பார்த்து நோய் வந்தது. அரசுகள் மருந்தை வாங்கிவிடும். சமூகம் முகம் சுளிக்கும் மனிதர்களுக்கான வேலையை மட்டும் விட்டுவிடும். எந்தக் கைமாற்றத் திட்டத்திலும் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

கேட்ஸ் அறக்கட்டளை இந்தியாவில் நடத்திய ஆவாஹன் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் 2003-இல் தொடங்கியது. அதை ஒரே நாளில் ஒப்படைக்காமல், 2009-இலிருந்து சில ஆண்டுகளில் பகுதி பகுதியாக அரசிடம் மாற்றினார்கள். ஒப்படைக்கும் முன்பே அரசின் செலவு விதிமுறைக்கும் சம்பள அளவுக்கும் திட்டத்தை இறக்கிக்கொண்டுவந்தார்கள். கணக்குக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். வெளிநாட்டுத் திட்டம் தந்த சம்பளத்தை எந்த அரசுச் சம்பள ஆணையும் தராது. அந்த இடைவெளியை முன்கூட்டியே மூடாவிட்டால், ஒப்படைத்த மறுநாளே ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். "அரசு ஏற்றுக்கொள்ளும்" என்று செய்தி சொன்னால், எந்தச் சம்பள அளவில் என்று கேளுங்கள்.

அரசு பட்ஜெட் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்பிரிக்க நாடுகள் 2001-இல் அபுஜாவில் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதி எடுத்தன. எட்டிய நாடுகள் வெகு சில. ஒதுக்கிய பணமும் முழுதாகச் செலவாவதில்லை. நிதியமைச்சகம் பணத்தைக் காலாண்டு கடந்து விடுவிக்கும். டெண்டர் முடிவதற்குள் ஆண்டு முடிந்துவிடும். ஆகவே ஒதுக்கீடு, விடுவிப்பு, செலவு என்று இங்கேயும் மூன்று எண் தேவை.

ஒப்பந்தத்தின் பிற்பகுதி

அமெரிக்கா 2025 செப்டம்பரில் புது உத்தி ஒன்றை வெளியிட்டது. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்புகள் வழியாகப் போவதைக் குறைத்து, நாட்டுக்கு நாடு நேரடி ஒப்பந்தம் போடுவது அதன் சாரம். 2026 நிதியாண்டில் மருந்துப் பொருட்களுக்கும் முன்வரிசைப் பணியாளர்களுக்கும் முழுச் செலவையும் ஏற்பது, பிறகு படிப்படியாக நாடுகளிடம் மாற்றுவது. அதில் முதலாவது 2025 டிசம்பர் 4 அன்று கென்யாவுடன் கையெழுத்தானது. ஐந்தாண்டுக்கு அமெரிக்கா 160 கோடி டாலர் வரை. கென்யா தன் செலவை 85 கோடி உயர்த்தும். சில நாளிலேயே கென்ய உயர் நீதிமன்றம் மக்களின் சுகாதாரத் தரவைப் பகிரும் பகுதிக்கு இடைக்காலத் தடை போட்டது. தொகை முதல் பக்கத்தில் இருந்தது. சண்டை வந்தது தரவுப் பகுதியில். இந்த வகை ஒப்பந்தம் எதுவானாலும் தரவு, கிருமி மாதிரி என்ற இரண்டு சொற்களை முதலில் தேடுங்கள்.

மாதிரி ஏன் இவ்வளவு முக்கியம்? பறவைக் காய்ச்சல் பரவிய காலத்தில், 2007 வாக்கில், இந்தோனேசியா தன் எச்5என்1 மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் வலைப்பின்னலுக்கு அனுப்புவதை நிறுத்தியது. நாங்கள் கிருமியைத் தருகிறோம், பணக்கார நாட்டுக் கம்பெனி தடுப்பூசி செய்கிறது, அதை எங்களாலேயே வாங்க முடியவில்லை என்பது வாதம். அதன் விளைவாக 2011-இல் இன்ஃப்ளூயன்ஸாவுக்கென்று மாதிரியும் பலனும் பகிரும் ஏற்பாடு வந்தது. கோவிட்டில் அதே காயம் மறுபடி கிளறப்பட்டது. ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்க வேண்டும் என்று அமைத்து, 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ் என்று கிளம்பிய கோவாக்ஸ் ஏற்பாடு, 100 கோடியாவது டோஸை 2022 ஜனவரியில்தான் கொடுக்க முடிந்தது. பணக்கார நாடுகள் வரிசையில் முன்னால் போய் நேரடியாக வாங்கிவிட்டன.

2025 மே 20 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் சபையில் நிறைவேறிய பெருந்தொற்று ஒப்பந்தம் இதற்கு மருந்தாக வந்ததுதான். குழுவில் 124 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு இல்லை, 11 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. பெருந்தொற்றின்போது, ஏற்பாட்டில் சேரும் கம்பெனிகள் உற்பத்தியில் 20 சதவீதம் வரை உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். அதில் பாதியாவது இலவசம். மாதிரியும் பலனும் பகிரும் விதிகளைச் சொல்லும் இணைப்பு நிறைவேறாமல் ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்தே போட முடியாது. அதற்கப்புறம் 60 நாடுகள் உறுதிசெய்ய வேண்டும். "ஒப்பந்தம் நிறைவேறியது" என்ற தலைப்புக்கும் "ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது" என்ற தலைப்புக்கும் நடுவில் இவ்வளவு தூரம்.

புதுப் பணம் என்று சொல்லப்படுவது

கொடை குறைந்ததும் "புதுமையான நிதி" என்ற பேச்சு கூடிவிட்டது. இங்கே ஒரே கேள்வி போதும்: இது கூடுதல் பணமா, நாளைய பணமா? 2006-இல் தொடங்கிய தடுப்பூசிப் பத்திர ஏற்பாட்டில், நாடுகள் பல ஆண்டுகளுக்குத் தருவதாகச் சொன்ன தொகையை அடமானமாக வைத்துச் சந்தையில் கடன் எடுத்து இன்றே தடுப்பூசி வாங்குகிறார்கள். அவசரத்துக்கு அருமையான வழி. ஆனால் இது அடுத்த மாதச் சம்பளத்தில் முன்பணம் வாங்குவது மாதிரி. அடுத்த மாதம் கை கடிக்கும். அதே 2006-இல் பிரான்ஸ் விமான டிக்கெட்டில் போட்ட வரி, ஏழை நாடுகளுக்கு மருந்து கிடைக்க உதவும் யுனிட்எய்ட் அமைப்புக்குப் போனது. அது உண்மையிலேயே கூடுதல் பணம். கடன்பட்ட நாடு, அந்தத் தொகையைக் கடன் கொடுத்தவருக்குக் கட்டாமல் தன் சுகாதாரத்துக்குச் செலவழிக்கும் ஏற்பாட்டை 2007-இல் ஜெர்மனியும் இந்தோனேசியாவும் தொடங்கிவைத்தன. நல்லதுதான், தொகைகள் சின்னவை. புகையிலை, மது, சர்க்கரைப் பானங்களின் விலையை 2035-க்குள் 50 சதவீதமாவது உயர்த்த வரி போடுங்கள் என்று 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. எனக்கு நம்பிக்கை அதிகம் இருப்பது இதில்தான், நோயும் குறையும், வரவும் வரும். ஆனால் அந்த வரி சுகாதாரத்துக்குத்தான் போகிறதா, பொதுக் கஜானாவில் கரைகிறதா என்று பட்ஜெட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

விலை குறைந்தாலும் அது நிதிதான். எச்.ஐ.வி. கூட்டு மருந்து 2000-இல் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-இல் இந்திய மருந்துக் கம்பெனியான சிப்லா 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னது. 2023-இல் குளோபல் ஃபண்ட் வாங்கும் விலை 45 டாலருக்கும் கீழே வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியாக எச்.ஐ.வி.யைத் தடுக்கும் லெனாகாபாவிர், அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். 2027 முதல் இந்தியக் கம்பெனிகளான டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டிரோவும் தனித்தனியாக ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்கு, பட்டியலில் உள்ள 120 நாடுகளுக்குத் தர ஏற்பாடாகியிருக்கிறது. பட்டியலில் இல்லாத நடுத்தர வருமான நாடுகள் எவை என்று பாருங்கள். மொத்தக் கொள்முதல், அளவு உத்தரவாதம், உரிமம் பற்றிய செய்திகளை "நிதி" என்ற தலைப்பில் யாரும் போட மாட்டார்கள். நான் என் தாளில் வரவுப் பக்கத்தில்தான் எழுதுவேன்.

எண் எங்கிருந்து வருகிறது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுஎஸ்எய்ட் உதவி நின்றதால் 2030-க்குள் 1.4 கோடிக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறக்கலாம் என்று 2025-இல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. அது எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை, கணிப்பு. வெட்டு அப்படியே நீடித்தால், வேறு யாரும் அந்த இடத்தை நிரப்பாவிட்டால் என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. எண்ணை மதியுங்கள், அனுமானத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கவலை வேறிடத்தில் இருக்கிறது. வீடு வீடாகப் போய்த் தாய்சேய் நலம், குழந்தை இறப்பு எல்லாம் கேட்டெழுதும் டி.எச்.எஸ். ஆய்வுகள் 1984 முதல் யுஎஸ்எய்ட் பணத்தில் நடந்தவை. 2025 பிப்ரவரியில் அவையும் நின்றன. பிறகு கேட்ஸ் அறக்கட்டளை ஒரு பகுதிக்கு இடைக்கால நிதி தந்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணும் கருவியே அதே வெட்டில் போனால், அடுத்து வரும் எண்களில் கணிப்பு கூடும், கள ஆய்வு குறையும். எந்த எண்ணைப் பார்த்தாலும், கடைசிக் கள ஆய்வு எந்த ஆண்டு என்று தேடுங்கள்.

எங்கே பார்ப்பது

செய்திக்குறிப்பை விட்டுவிட்டு நிர்வாகக் குழுக் கூட்ட ஆவணங்களுக்குப் போங்கள். குளோபல் ஃபண்ட், கேவி இரண்டும் பெரும்பாலானவற்றைத் தங்கள் தளத்தில் போடுகின்றன. யார் எவ்வளவு சொன்னார், எவ்வளவு கட்டினார் என்று தனித்தனிப் பட்டியல் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் சந்தா பாக்கி வைத்திருக்கும் நாடுகளின் பட்டியலை ஒவ்வொரு மே மாதச் சபைக்கும் வைக்கிறது. ராஜதந்திரப் பேச்சுகளைவிடச் சுவாரஸ்யமான வாசிப்பு. கொடுக்கும் நாட்டின் ஒதுக்கீட்டுச் சட்டம் ஒரு தாவலில், வாங்கும் நாட்டின் பட்ஜெட் செலவு அறிக்கை இன்னொரு தாவலில் திறந்திருக்கட்டும்.

இதெல்லாம் எங்கிருந்து தொடங்குவது என்று மலைப்பாக இருந்தால், குளோபல் ஃபண்டின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வெளியிடும் தணிக்கை அறிக்கைகளில் ஏதாவது ஒரு நாட்டுடையதை எடுங்கள். முன்னுரையைத் தாண்டி, மருந்துக் கிடங்கையும் விநியோகத்தையும் பற்றிய பகுதிக்கு நேராகப் போங்கள். எந்த மருந்து தீர்ந்துபோனது, எது காலாவதியானது, ஏன் என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்த கையோடு அதே நாட்டுக்கு அந்த ஆண்டு அறிவித்த நிதித் தொகையைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.